ஐந்து மாதமும் பதினொரு நாளும்

பிப்ரவரி 3. சென்னையில் அலுவலக அணியின் காலைப் பயிற்சியின்போது மதியழகன் இருமுறை வாந்தி எடுத்தான். மாலைக் குருதிப் பரிசோதனையில் கிரியாட்டினின் 11.2.

பிப்ரவரி 4. ஸ்கேன். இரு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன.

பிப்ரவரி 6. வலப்பக்கக் கழுத்தில் குழாய் செருகப்பட்டது. முதல் டயாலிசிஸ், இரண்டு மணி நேரம்.

பிப்ரவரி 24. புதுக்கோட்டைக்கு அழைத்து வந்தோம். வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் இங்கே தொடர்ந்தது.

மார்ச் 11. இடக்கை மணிக்கட்டில் ஃபிஸ்டுலா அறுவை. மார்ச் 30 அன்று அது அடைத்துக்கொண்டது.

ஏப்ரல் 8. தங்கை கயல்விழியின் சிறுநீரகம் பொருந்தும் என்று திருச்சி மருத்துவமனை தெரிவித்தது.

ஏப்ரல் 22. உறவுச் சான்றுகள் ஒப்படைக்கப்பட்டன.

ஏப்ரல் 29. உறுப்பு தான அனுமதிக் குழுவின் நேர்காணல். சான்றுகள் விளக்கம் கேட்டுத் திருப்பித் தரப்பட்டன.

ஏப்ரல் 30 முதல் மே 19 வரை. பதிவு ஏதுமில்லை.

மே 20. எழுத்து மூலம் விளக்கம் அளித்தேன். மரபணுச் சோதனைக்கு நால்வரிடமும் குருதி எடுக்கப்பட்டது.

ஜூன் 9. முடிவு வந்தது. உடன்பிறப்பு உறுதி. அறுவைக்கு ஜூன் 19 குறிக்கப்பட்டது.

ஜூன் 13. டயாலிசிஸின்போது குளிர் நடுக்கம், காய்ச்சல். திருச்சியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதி.

ஜூன் 17. காலை 6.40. மதியழகன் இறந்தான்.

மேற்கண்டவை என் குறிப்பேட்டில் உள்ளபடி. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான்; நடந்ததை நடந்த வரிசையில் எழுதும் பழக்கம் ஆய்வுக்கூடத்தில் வந்தது. பதிவு ஏதுமில்லை என்று ஓரிடத்தில் குறித்திருக்கிறேன். அந்த இருபது நாட்களும் நான் நல்ல உடல்நலத்துடன் புதுக்கோட்டையில் என் வீட்டில்தான் இருந்தேன். பேனாவும் இருந்தது. அப்போது எழுதாததை இப்போது எழுதுகிறேன். கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைகளில் காத்திருக்கும் யாருக்காவது இது பயன்படலாம்.

மதியழகன் என் மகன். கூடைப்பந்தே அவன் தொழில். உயரம் ஆறடி ஐந்தங்குலம். அணியில் அவனுக்குப் பிவட் என்ற இடம்; வளையத்தின் அடியில் எதிரணியின் முழங்கைகளுக்கு நடுவே நின்று, மேலே எழும்பிப் பந்தைப் பிடிப்பவன் பிவட். புதுக்கோட்டையில் பள்ளித் தளத்தில் தொடங்கினான். பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான மாநில அணி, அதில் ஒரு பதக்கம், பிறகு விளையாட்டு விடுதி, பிறகு பல்கலைக்கழக அணி. இருபத்தொரு வயதில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. காலையில் கையெழுத்து, பிறகு பயிற்சி, ஆண்டில் பாதி நாள் வெளியூர்ப் போட்டி. இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு இருமுறை அழைத்தார்கள். ஒருமுறை சீருடையும் கொடுத்தார்கள். கடைசி இரண்டு பருவங்கள் தனியார் லீக் ஒன்றில் ஒப்பந்தம். விளையாடுவதற்கென்றே ஒருவன் சம்பளம் வாங்க முடியும் என்பதை அவன் அம்மா அதுவரை நம்பியதில்லை.

ஒரு போட்டியில் பிவட் எத்தனை முறை எழும்புகிறானோ அத்தனை முறை தரையில் இறங்குகிறான். மரத்தளமாக இருந்தால் முழங்கால் பிழைக்கும். தென்மாவட்ட ஊர்களில் கோடையில் நடக்கும் அழைப்புப் போட்டிகளில் சவுக்குக் கட்டைகளால் கேலரி கட்டுவார்கள், விளக்குப் போடுவார்கள், ஊரே திரண்டு கைதட்டும். தளம் மட்டும் சிமெண்டு. இருபத்தைந்து வயதில் அவனது இரு முழங்கால்களும் வீங்கத் தொடங்கின. காலையில் ஒரு வலி மாத்திரை, ஆட்டத்துக்கு முன் ஓர் ஊசி. அணியில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம் என்று பின்னர் சொன்னான்.

அந்த மாத்திரைகள் வலியைக் குறைக்கும். கூடவே சிறுநீரகத்துக்குக் குருதி கொண்டு செல்லும் நுண்குழாய்களை இறுக்கவும் செய்யும். வியர்த்து நீர் வற்றிய உடலில், ஆண்டுக்கணக்கில், இது சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கொல்லும். வலி இருக்காது. முக்கால் பங்கு போன பிறகே வாந்தியும் களைப்பும் தெரியும். கிரியாட்டினின் என்பது தசைகளின் கழிவு. நலமான உடலில் ஒன்றை ஒட்டியிருக்க வேண்டியது அவனுக்குப் பதினொன்றைத் தாண்டியிருந்தது. அந்த மாத்திரையில் உள்ள டைக்ளோஃபெனாக்கின் மூலக்கூற்று அமைப்பைக் கரும்பலகையில் பலமுறை வரைந்து காட்டியவன் நான். என் மகன் அதை எட்டு ஆண்டுகளாக விழுங்கியது எனக்குத் தெரியாது.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலிலிருந்து குருதியை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழிவையும் மிகை நீரையும் வடித்து, திரும்ப உள்ளே அனுப்புவது. ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். குருதி வேகமாக வெளிவர ஒரு வழி வேண்டும். கழுத்துச் சிரையில் செருகும் குழாய் உடனே பயன்படும், ஆனால் அதன் வழியாகக் கிருமி இதயம்வரை போகலாம். கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்தால் சில வாரங்களில் சிரை தடித்து ஊசி ஏற்கும். அது ஃபிஸ்டுலா, அதுவே பாதுகாப்பு. அவனுடையது பத்தொன்பது நாளில் அடைத்தது. தங்கையின் சிறுநீரகம் பொருந்தியதும், ஒரு மாதத்தில் மாற்று அறுவையே நடக்கவிருப்பதால் மறுபடி கையைத் திறக்க வேண்டாம், கழுத்துக் குழாயிலேயே ஓட்டிவிடலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். அந்த முடிவு சரியானது. ஒரு மாதம் என்ற கணக்கை நம்பி எடுத்தது.

புதுக்கோட்டை டயாலிசிஸ் மையத்தில் அவனுக்குக் கட்டில் போதவில்லை. கால்மாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் தலையணை வைத்துக் கொடுத்தார் செவிலியர். பக்கத்துக் கட்டிலில் துபாயிலிருந்து நோயோடு திரும்பிய ஒருவர், கந்தர்வக்கோட்டைக்காரர், குட்டையானவர். முதல் நாளே, தம்பி எழுந்து நிற்பதாக இருந்தால் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு நிற்குமாறு கேட்டுக்கொண்டார். நீங்கள் நிற்கிறீர்களா உட்கார்ந்திருக்கிறீர்களா என்றே எனக்குத் தெரிவதில்லை அண்ணே என்றான் மதி. அன்றிலிருந்து இருவரும் தினசரித் தாளைப் பாதி பாதியாகப் பிரித்துப் படித்தார்கள்.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் நீர்தான் அனுமதி. குழம்பு, மோர், மாத்திரைக்குக் குடிக்கும் ஒரு வாய் நீர் எல்லாம் அதற்குள். என் மனைவி சரஸ்வதி காலையில் ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டரை அளந்து வைத்துவிடுவாள். அவன் குழம்பு ஊற்றிக்கொண்டால் அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றுவாள். காய்களை நறுக்கி வெந்நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்துச் சமைப்பாள். பொட்டாசியம் என்ற உப்பு இறங்கிவிடும். அது மிகுந்தால் இதயம் நின்றுவிடும் என்று நான் ஒருமுறை சொன்னேன். காரணம் கேட்காமல் மூன்று முறை வேகவைக்கத் தொடங்கினாள்.

எனக்கு எழுபத்தொரு வயது, குருதி அழுத்தம் உண்டு. சரஸ்வதிக்குச் சர்க்கரை. எங்கள் இருவரையும் விலக்கிவிட்டார்கள். பொன்னமராவதியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் கயல்விழி, யாரும் கேட்பதற்கு முன்பே திருச்சிக்கு வந்து இரத்தம் கொடுத்துவிட்டாள். குவைத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் ஒப்புதல் கடிதமும் வந்தது. இவளது உயிரணுக்களை அவனது குருதி நீரில் கலந்து, அவன் உடல் எதிர்க்கிறதா என்று பார்ப்பார்கள். எதிர்க்கவில்லை. அந்தச் சோதனை நாட்களில் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தினாள். சிவப்பு மையைப் பார்த்து ஒரு நோயாளியின் குழந்தை பயந்ததால் பச்சைப் பேனாவுக்கு மாறினாள்.

உறுப்பை விலைக்கு வாங்கும் கொடுமை நம் நாட்டில் நடந்திருப்பதால் சட்டம் கடுமையானது. கொடுப்பவர் உண்மையிலேயே உடன்பிறந்தவரா என்பதற்குச் சான்று வேண்டும். பிறப்புச் சான்றிதழ்கள், பள்ளிச் சான்றுகள், அடையாள அட்டைகள் அனைத்தையும் வரிசைப்படுத்திக் கோப்பில் தைத்துக் கொடுத்தேன். நேர்த்தியான கோப்பு என்று மருத்துவமனையின் இணைப்பாளரான இளம்பெண் பாராட்டினாள். ஏப்ரல் 29 அன்று எங்கள் நால்வரையும் குழுவின் முன் உட்காரவைத்து அவளே முதலில் கேட்டாள்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். மகனுக்கும் மகளுக்கும் அஞ்சு மாசம் பதினோரு நாள்தான் வித்தியாசம் வருது."

சரஸ்வதிக்கு அது புரியவே சற்று நேரம் பிடித்தது. ரெண்டும் நான் பெத்ததுதாங்க, இவன் தலைச்சன், அவ ரெண்டாவது, எனக்குத் தெரியாதா என்றாள். குழுவில் இருந்த வயதான மருத்துவர் மிக மென்மையாக, சாருக்கு வேறு குடும்பம் ஏதும் உண்டா, இந்தப் பிள்ளைகளில் ஒருவரை நீங்கள் எடுத்து வளர்த்தீர்களா, சொல்வதில் தவறில்லை என்று அவளிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். அறுபத்து நான்கு வயதில் என் மனைவி, தன் வளர்ந்த பிள்ளைகளின் நடுவே உட்கார்ந்து, அவர்களைத் தானே பெற்றதாக அந்நியரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்களேங்க."

கிளார்க் தவறாக எழுதியிருக்கலாம், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அது எழுத்தர் பிழை அன்று. மதி பத்தாம் வகுப்பை முடித்த கோடையில், அவனுக்கு வயது பதினாறைத் தாண்டியிருந்தபோது, அவனது பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். மாநில அணித் தேர்வுக்குப் பதினாறுக்குக் கீழ் இருக்க வேண்டும். இந்த உயரமுள்ள பையன் ஒரு முறை அணிக்குள் போய்விட்டால் விடுதி, கல்லூரி, வேலை எல்லாம் தானாக வரும். எல்லோரும் செய்வதுதான், ஒரு பேப்பர்தான் சார் என்றார். மதி அவன் அம்மாவின் ஊரில், வீட்டில் பிறந்தவன். கிராமப் பதிவேட்டில் அவன் பிறந்த நாள் சரியாகப் பதிவாகியிருந்தது, ஆனால் பெயரின்றி, ஆண் குழந்தை என்று மட்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலான பதிவுகள் அப்படித்தான். பெயரில்லாத பதிவை விட்டுவிட்டு, பிறப்பே பதிவாகவில்லை என்று பிரமாணப் பத்திரம் அளித்து, இரண்டு ஆண்டு இரண்டு மாதம் தள்ளிப் புதிய சான்றிதழ் பெற்றேன். பத்திரத்தை வழக்கறிஞர் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. நானே திருத்தி எழுதினேன். அதில் ஓர் இலக்கணப் பிழைகூட இல்லை. பள்ளிப் பதிவும் அதன்படி மாறியது. மகளுக்கு எந்தத் தேதி என்று அன்று நான் பார்க்கவில்லை. இரு சான்றிதழ்களையும் ஒரே மேசையில் வைக்கும் தேவை அதன் பிறகு எந்த அலுவலகத்திலும் வரவில்லை.

பயிற்சியாளர் சொன்னது அப்படியே நடந்தது. விடுதி வந்தது, கல்லூரி வந்தது, வேலை வந்தது. முப்பத்திரண்டில் ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டியவனுக்கு லீக்கில் இரண்டாம் பருவ ஒப்பந்தமும் வந்தது. காகிதத்தில் அவனுக்கு இரண்டு ஆண்டு இளமை மீதமிருந்தது. முழங்காலில் இல்லை.

நேர்காணலிலிருந்து திரும்பும்போது மதி வாடகைக் காரின் முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்திருந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். இரண்டு பிறந்த நாட்களோடு வாழ்ந்தவன் அவன். திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"சொல்லிறாதீங்கப்பா. அந்த டீம்ல பன்னெண்டு பேரு. எல்லாரு மெடலையும் புடுங்கிருவாங்க. எங்க ஆபீஸ்ல என்னைய வச்சு இன்னும் நாலு பேரத் தோண்டுவாங்க."

சரி என்றேன். நோயாளியின் விருப்பம் என்று அதற்கு எனக்குள் பெயரிட்டுக்கொண்டேன். அவன் கேட்டது அவனுடைய தோழர்களுக்காக. நான் ஒத்துக்கொண்டது எனக்காக. கல்லூரியில் வருகைப் பதிவைத் திருத்திக் கேட்ட பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியவன் என்று இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஓய்வு பெற்ற நாளில் அதைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

வீட்டில் சரஸ்வதி எதையும் கேட்கவில்லை. அன்று மாலை மூன்று முறை வேகவைத்த கத்தரிக்காயை அவனுக்குப் பரிமாறும்போது, நாந்தானப்பா ஒன்னப் பெத்தேன் என்று மட்டும் சொன்னாள். அவன் சிரித்து, இவ்வளவு நீளத்துக்கு வேறு யார் பெறுவார்கள் என்றான்.

இனி அந்த இருபது நாட்கள். முதல் ஒன்பது நாட்களில் நான் செய்தது இது. மகனின் பொய்த் தேதியைத் தொடாமல், மகளின் உண்மைத் தேதியை ஓராண்டு பிந்தியதாக்கினால் இடைவெளி சரியாகிவிடும் என்று கண்டேன். கணக்குப் பிசகவில்லை. வழக்கறிஞரைப் பார்த்தேன், முத்திரைத்தாள் வாங்கினேன், கயல்விழி பிறந்த தேதி பிழையாகப் பதிவாகிவிட்டது என்று புதிய பிரமாணப் பத்திரம் ஒன்றை எழுதினேன். எடுத்துக்கொண்டு பொன்னமராவதிக்குப் பேருந்தில் போனேன். கயல் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நின்றபடியே இருமுறை படித்தாள்.

"அண்ணனுக்குக் கிட்னி தாரேன்னு சொன்னேன். என் வயசையும் எடுத்துக்கிருவீங்களாப்பா?"

பணிப்பதிவேட்டில் மாற்றத் தேவையில்லை, மருத்துவமனைக்கு மட்டும் என்று விளக்கினேன். அரசு ஊழியை இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டால் வேலை போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவள் குரலை உயர்த்தவில்லை.

"உண்மையச் சொன்னா ஒரு நாள் வேலைப்பா. ஒங்களுக்கு வாய் வரல. அதுக்கு நான் பொய்யாகணுமா?"

யோசித்துச் சொல் என்று தாளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். காபி கொடுத்தாள், பேருந்து நிலையம்வரை வந்து உட்கார இடம் பிடித்துக் கொடுத்தாள். அவள் யோசிப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலும் பத்து நாள் இருந்தேன்.

அதற்கு நடுவில், மே 12 அன்று, சிறுநீரக மருத்துவர் வழக்கமான பார்வையின்போது என்னைத் தனியே அழைத்தார். ஆவண வேலை எந்த நிலையில் இருக்கிறது, தாமதமாகும் என்றால் கழுத்துக் குழாயை நம்பியிருக்க வேண்டாம், மேற்கையில் இன்னொரு ஃபிஸ்டுலா போட்டுவிடலாம் என்றார். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் டாக்டர் என்றேன். அப்படியானால் வேண்டாம் என்று குறிப்பில் எழுதினார். அவர் எழுதியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்வந்தவன் அந்தோணி. விராலிமலைக்காரன், டயர்க் கடை வைத்திருக்கிறான்; அந்த மாநில அணியில் மதியோடு ஆடியவன். வாரத்தில் மூன்று நாளும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காரோடு வந்துவிடுவான். மே 19 அன்று மையத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் நிற்கும்போது தயங்கிக் கேட்டான், பேப்பரில் பிரச்சனை என்கிறார்களே சார், அது வயது விசயமா என்று. நான் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவன் புரிந்துகொண்டான்.

"அது யாருக்குத்தான் சார் தெரியாது? அப்பவே அவனுக்கு மீசை. நாங்க அண்ணேம்போம், கோச்சு அடிப்பாரு. அந்த டீம்ல ஒழுங்கான வயசு நாலு பேருக்குத்தான் சார். எனக்கே ரெண்டு சர்டிபிகேட் இருக்கு." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, டம்ளரைப் பலகைமேல் வைத்தான். "அதுக்கா சார் இத்தன நாளு?"

மறுநாள் காலை திருச்சிக்குப் போய் இணைப்பாளரின் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம். இருபது நிமிடம் ஆயிற்று. படித்துவிட்டு அவள் அதிர்ச்சியடையவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே சாம்பிள் எடுத்திருக்கலாம் சார், இந்த மாதிரி நிறைய வரும் என்றாள். மற்ற மூவரையும் வரவழைத்து, மாலைக்குள் நால்வரிடமும் குருதி எடுத்துவிட்டார்கள். யாரும் என்னைக் கைது செய்யவில்லை. யாரும் பதக்கத்தைக் கேட்கவில்லை. அந்தத் தாள் கோப்பில் கடைசிப் பக்கமாகச் சேர்ந்தது.

மதிக்கு நானே சொன்னேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். விரலை மடக்கி எண்ணினான்.

"அப்ப எனக்கு இப்ப முப்பத்து மூணு. ரிடயர் ஆயிரலாம்ப்பா."

மரபணுச் சோதனை முடிவுக்கு இருபது நாள் ஆயிற்று. அதில் யாருடைய தவறும் இல்லை. அதற்கு ஆகும் காலம் அது. நால்வரின் மரபுக் கூறுகளையும் ஒப்பிட்டு, இருவரும் ஒரே தாய் தந்தையரின் மக்கள் என்று ஒரு பக்க அறிக்கை வந்தது. சரஸ்வதி அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதுக்கு மெஷினு வேற வேணுமாக்கும் என்றாள். அப்போதும் பத்திரத்தைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

கயல் பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். மதி தன் அணித் தோழர்களுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னான். தங்கச்சி கிட்னி என்பதால் இனி தானும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. அந்த நான்கு நாட்கள் எங்கள் வீட்டில் நன்றாக இருந்தன.

ஜூன் 13 அன்று இயந்திரத்தில் போட்ட அரை மணி நேரத்தில் அவனுக்குப் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் வந்தது. கழுத்துக் குழாயில் கிருமி படிந்திருந்தால் இயந்திரம் குருதியை இழுத்து உள்ளே தள்ளும்போது கிருமியையும் சேர்த்துத் தள்ளும். நடுக்கம் அதன் அடையாளம். செவிலியர் உடனே நிறுத்தினார். அந்தோணியின் காரிலேயே திருச்சிக்குப் போனோம். குழாயை எடுத்துவிட்டு மருந்து ஏற்றினார்கள். கிருமி அதற்குள் இதய வால்வில் ஒட்டிக்கொண்டுவிட்டது. உடல் முழுதும் குருதியில் கிருமி பரவி அழுத்தம் இறங்குவதை செப்சிஸ் என்பார்கள். அறுவை நாள் என்ற பேச்சு ஜூன் 14 முதல் எழவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளைக்கு இருமுறை, ஒருவர் மட்டும், பத்து நிமிடம். ஜூன் 15 மாலை சரஸ்வதி உள்ளே போனாள். அவன் தண்ணீர் கேட்டிருக்கிறான். கையோடு கொண்டுபோன மூடியில் முப்பது மில்லி அளந்து கொடுத்திருக்கிறாள். இன்னும் கேட்டதற்கு, இன்னைக்கு அம்புட்டுத்தாம்ப்பா, நாளைக்குத் தாரேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் அவனுக்கு வாய்க்குள் குழாய் போட்டிருந்தார்கள். அளவு பார்த்தது தவறா என்று அவள் என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். அந்த நாட்களில் என்னிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

எல்லாம் முடிந்து கோப்பைத் திரும்பப் பெறப் போன நாளில் மருத்துவரைச் சந்தித்தேன். ஏப்ரலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் என்று தொடங்கினேன். அவர் என்னை முடிக்கவிடாமல், அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க சார், மாற்று அறுவைக்குப் பிறகும் கிருமி வருவதுண்டு என்றார். நல்ல மனிதர். அவரது அறைச் சுவரில் ஒரு நாட்காட்டி இருந்தது. நான் உண்மையை எழுதிய நாளிலிருந்து அறுவைக்குக் குறித்த நாள் முப்பது நாள். ஏப்ரல் 29இலிருந்து முப்பது நாள் எண்ணினால் மே 29. காய்ச்சல் வந்தது ஜூன் 13. அவருக்கும் கழிக்கத் தெரியும்.

அன்று மே 12 குறிப்பையும் கோப்பில் பார்த்தேன். ஒரு வாரத்தில் முடியும் என்று தந்தை கூறுகிறார், ஃபிஸ்டுலா தேவையில்லை, என்று எழுதியிருந்தது. கீழே தேதியும் கையெழுத்தும். இந்த முழுக் கதையிலும் தேதி, கூற்று, கையெழுத்து மூன்றும் அப்படியே உண்மையாக இருந்த தாள் அது. அதில் இருந்த பொய் மட்டும் என்னுடையது.

இதைப் படிப்பவர் யாராயினும், வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை குருதியில் கிரியாட்டினின் பாருங்கள். கழுத்துக் குழாயை ஒரு நாள்கூட வேண்டியதற்கு மேல் வைத்திருக்க விடாதீர்கள். மருத்துவமனை உங்கள் தாள்களில் ஒரு சந்தேகம் கேட்டால், அந்த மேசையிலேயே உட்கார்ந்து பதில் எழுதுங்கள்.

இன்னும் செய்யாதவை:

அவனது அலுவலகத்துக்கும் கூடைப்பந்துக் கழகத்துக்கும் உண்மையான தேதியைத் தெரிவிக்கும் கடிதம். எழுதி உறையில் இட்டாகிவிட்டது. அஞ்சலில் சேர்க்கவில்லை.

அன்று அந்த மாநில அணியில், சரியான வயதோடு வந்து, மதியின் இடத்தால் வெளியே நின்ற பையனின் பெயரைத் தெரிந்துகொள்வது. அந்தோணிக்குத் தெரிந்திருக்கும்.

பொன்னமராவதிக்குப் போய் அந்த முத்திரைத்தாளைத் திரும்ப வாங்குவது. கயல் அதைக் கிழிக்கவில்லை, வைத்திருக்கிறாள்.

சரஸ்வதியிடம் பேசுவது.

இறப்புச் சான்றிதழில் வயது முப்பத்தொன்று என்று வந்திருக்கிறது. திருத்த மனுப் படிவம் வாங்கி வந்தேன். பெயர், முகவரி, சரியான வயது வரை நிரப்பியிருக்கிறேன். தவறு நேர்ந்த விதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.